நாடாவை அவிழ்க்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு மசாலா கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். முதலாளியின் தாத்தா சந்தையில் ஒரு கடைமேடை பிடித்து ஆரம்பித்த வியாபாரம். இப்போது டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் அரவை ஆலை, பாக்கெட் போடும் கூடம் என்று வளர்ந்திருக்கிறது. முதலாளியை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும், பேசும்போது மட்டும் நாலாவது வார்த்தையில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அவருடைய அம்மாதான் என்னோடு முழுத் தமிழில் பேசுகிற ஆள்.

அண்ணன் ஒரே சமயத்தில் இரண்டு வேலையை இழுத்துப் போட்டார். மிளகாய், மல்லி, மஞ்சளை நேரடியாகக் கொள்முதல் செய்யச் சென்னையில் ஒரு துணைக் கம்பெனி; அரபு நாடுகளில் விற்கத் துபாயில் ஒரு கிளை. சென்னை ஆடிட்டரும் துபாய் ஏஜென்ட்டும் ஆளுக்கொரு பட்டியல் அனுப்பினார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே காகிதங்கள்தான். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள் (இங்கே எல்லோரும் எம்.ஓ.ஐ. என்பார்கள்), இயக்குநர்கள் விவரம், போர்டு தீர்மானம், பவர் பத்திரம், பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று. ஆனால் சென்னைப் பட்டியலில் 'அப்போஸ்டில்' என்று இருந்தது, துபாய்ப் பட்டியலில் 'அட்டெஸ்டேஷன்'. ஒரே செட்டைத் தயார் செய்து இரண்டு பக்கமும் அனுப்பிவிடலாம் என்று ஆபீசில் பேச்சு. அது நடக்காது.

1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுவரை ஒரு நாட்டுக் காகிதம் இன்னொரு நாட்டில் செல்லுபடியாக வேண்டுமென்றால் ஏணி ஏறுவது போல ஒவ்வொரு அலுவலகமாக ஏறி, கடைசிப் படியில் அந்த வெளிநாட்டின் தூதரக முத்திரையை வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் அந்த ஏணியின் மேல்படிகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டன. அதுதான் அப்போஸ்டில். பக்கத்துக்கு 9 செ.மீ.க்குக் குறையாத சதுரம், அதற்குள் எண்ணிட்ட 10 வரிகள், தலைப்பு பிரெஞ்சில். எந்த நாடு கொடுத்தாலும் இதே உருவம்தான். தென்னாப்பிரிக்காவில் இது 1995 ஏப்ரல் 30 முதலும் இந்தியாவில் 2005 ஜூலை 14 முதலும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே டர்பன் காகிதம் சென்னைக்குப் போக அப்போஸ்டில் போதும். ஐக்கிய அரபு அமீரகம் இதை எழுதும் வரை ஒப்பந்தத்தில் சேரவில்லை. அங்கே போகிற காகிதத்துக்குப் பழைய ஏணிதான், துபாய்ப் பட்டியலில் இருந்த 'அட்டெஸ்டேஷன்' அதுதான்.

அந்த 10 வரிகளை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எந்த நாடு, யார் கையெழுத்துப் போட்டார், எந்தப் பதவியில் போட்டார், யாருடைய முத்திரை, எந்த ஊரில் எந்தத் தேதியில் யார் சான்று கொடுத்தது, எண் என்ன, கடைசியில் முத்திரையும் கையெழுத்தும். காகிதத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று ஒரு வரி கூடக் கிடையாது. 'இந்தக் கையெழுத்து இன்னாருடையதுதான், அவர் இந்தப் பதவியில் இருப்பவர்தான்' என்பதோடு அதன் வேலை முடிந்தது. நம் ஊரில் கெசட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அங்கே பச்சை மை கண்டால் விஷயமே சரி என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே மேலே இருக்கிற ஒவ்வொரு அதிகாரியும் தனக்குக் கீழே இருக்கிறவரின் கையெழுத்தை மட்டும் பார்க்கிறார். அவரிடம் அந்தக் கையெழுத்தின் மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் காகிதம் திரும்பி வரும். 'ஏன் ரிஜெக்ட் பண்ணினார்கள்' என்று நான் கேட்ட பல கதைகளைத் தோண்டினால் அடியில் இதுதான் இருக்கும்.

இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ஐ.டி. நகலில் 'உண்மை நகல்' என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்துக் காசு வாங்காமல் கொடுப்பார்கள். தபால் ஆபீசிலும் செய்வார்கள். உறுதிமொழி ஆணையர் என்ற முறையில் அவர்கள் போடும் கையெழுத்து உள்ளூரில் பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் போதும். வெளிநாட்டுக்கு உதவாது. அந்தக் கான்ஸ்டபிளின் கையெழுத்து மாதிரி எந்த உயர் நீதிமன்றத்திலும் இருக்காது. வெளிநாட்டுக்கு நோட்டரிதான் வேண்டும்.

நோட்டரி என்றதும் கோர்ட் வாசலில் மரத்தடி மேசையும் ஸ்டாம்ப் பேடுமாக ஒருவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் முதலில் அட்டர்னியாகச் சேர்ந்திருக்க வேண்டும், அதற்கு மேல் நோட்டரித் தேர்வு தனியாக எழுத வேண்டும். எல்லா வக்கீலும் நோட்டரி கிடையாது. எங்கள் நோட்டரி பழைய கிரே தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். தெருவுக்கு யூசுஃப் தாதூ பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகியும் ஊரில் பாதிப் பேருக்கு அது கிரே தெருதான். அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காகிதங்களை அடுக்கி மேசையில் தட்டிச் சமமாக்குவார். தன் சான்றுப் பக்கத்தை மேலே வைத்து, இடது ஓரத்தில் துளை போட்டு, நாடாவைக் கோத்து முன்பக்கம் கொண்டுவருவார். நாடாவின் நுனிகள் மேல் பல்பல்லாக ஓரம் வெட்டிய சிவப்பு வில்லையை ஒட்டி, இரும்புக் கிடுக்கியால் ஓர் அழுத்து. வில்லையில் அவருடைய முத்திரை புடைத்து நிற்கும். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கக் கையெழுத்து. இனி நடுவிலிருந்து ஒரு பக்கத்தை உருவ வேண்டுமென்றால் நாடாவை அறுக்காமல் முடியாது. நாடா எதற்கு என்றால் இதற்குத்தான்.

நோட்டரி இரண்டு விதமான வேலை செய்கிறார், அதைப் பிரித்து வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். ஒன்று, மூலத்தைப் பார்த்து நகலுக்குச் சான்று தருவது. பாஸ்போர்ட் இந்த வகை; மூலத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும், போனில் படம் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னொன்று, தன் கண் முன்னால் போட்ட கையெழுத்துக்குச் சான்று தருவது. போர்டு தீர்மானமும் பவர் பத்திரமும் இந்த வகை. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு ஆள் மூலம் அனுப்பிவிட்டால் நல்ல நோட்டரி தொடவே மாட்டார். தொடுகிறவராக இருந்தால் அவரை விட்டு விலகுங்கள்.

கம்பெனிச் சான்றிதழ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இப்போதெல்லாம் கம்பெனிப் பதிவு அலுவலகமான சி.ஐ.பி.சி. எல்லாவற்றையும் பி.டி.எஃப்.பாகத்தான் தருகிறது. எது மூலம், எது நகல்? நம் பிரின்டரில் எடுத்த தாளை 'மூலம்' என்று நீட்டினால் எந்த நோட்டரிதான் ஒப்புக்கொள்வார்? எங்களுடையவர் தானே சி.ஐ.பி.சி. தளத்தில் எங்கள் பதிவெண்ணைப் போட்டு விவரத்தைத் திறந்து, நாங்கள் கொண்டுபோன தாளோடு வரிவரியாக ஒப்பிட்டு, இன்ன தேதியில் பொதுப் பதிவேட்டோடு சரிபார்த்தேன் என்று சான்றுப் பக்கத்தில் எழுதினார். அந்த ஒரு வாக்கியத்தை சென்னையிலும் துபாயிலும் தேடிப் படித்தார்கள். உங்கள் நோட்டரி தானாக எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நோட்டரி முடிந்ததும் சென்னைக் காகிதங்களுக்கு டர்பன் உயர் நீதிமன்றம். இது பலருக்குத் தெரிவதில்லை. அப்போஸ்டில் என்றாலே பிரிட்டோரியா, வெளியுறவுத் துறை, 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் அல்லது கூரியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோட்டரி கையெழுத்திட்ட காகிதத்துக்கு அந்தப் பகுதி உயர் நீதிமன்றத்தின் ரெஜிஸ்ட்ராரே அப்போஸ்டில் தரலாம். தன் எல்லைக்குள் இருக்கும் நோட்டரிகளின் கையெழுத்து மாதிரி அவரிடம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுவார். எல்லைக்குள் என்ற வார்த்தையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அண்ணனுடைய தங்கையும் ஓர் இயக்குநர், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார். அவர் அங்கே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதம் டர்பன் ரெஜிஸ்ட்ராரிடம் செல்லாது; ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே தீர்மானத்தில் இரண்டு ஊர்க் கையெழுத்து என்றால் சிக்கல்தான். தீபாவளிக்கு அவர் டர்பன் வந்திருந்தபோது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம். பலகாரத் தட்டோடு நோட்டரி ஆபீசுக்குப் போன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்தது பெயர். டர்பன் தமிழர்களுக்கு இது தலைமுறைத் தலைவலி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இந்தக் கரைக்கு வந்ததிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர்களை எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். அதனால்தான் இங்கே மூட்லி, நாயுடூ, பிள்ளே, கோவெண்டர் என்று குடும்பப் பெயர்கள். அதுதான் பாஸ்போர்ட்டில், அதுதான் சட்டப்படி பெயர். சென்னை ஆடிட்டர் ஆபீசில் தீர்மானத்துக்கு வரைவு தட்டச்சு செய்த பையன் நல்ல எண்ணத்தில் அதைத் 'திருத்தி'விட்டான். கோவெண்டர் என்று இருந்ததை எழுத்துப்பிழை என்று நினைத்துக் கவுண்டர் என்று மாற்றி அனுப்பினான். அண்ணனுடைய அம்மா அதைக் கேட்டுவிட்டு, 'அவன் சொன்னதுதான்பா சரி, நம்ம தாத்தா கவுண்டர்தான்' என்று சிரித்தார். சரியாக இருந்தும் பயனில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, சி.ஐ.பி.சி. பதிவில் உள்ள எழுத்து, தீர்மானத்தில் உள்ள எழுத்து மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நாடா கட்டியபின் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

இன்னொன்று, இங்குள்ளவர்களுக்குக் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். அண்ணன் ஊருக்கெல்லாம் அறிமுகமான சுருக்கப் பெயரில்தான் செக்கில்கூடக் கையெழுத்துப் போடுவார். பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு கையெழுத்து. சென்னை வங்கி கையெழுத்தை பாஸ்போர்ட்டோடு ஒப்பிடும் என்று முன்கூட்டியே சொல்லிப் பாஸ்போர்ட் கையெழுத்தையே போடவைத்தோம். நம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இதன் மறுபக்கம்: இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், பான் அட்டையில் வேறு மாதிரி இருக்கும். பவர் வாங்குகிறவர் நீங்களாக இருந்தால் உங்கள் காகிதங்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இந்தியப் பக்கம் சட்டம் ஒன்று சொல்கிறது, மேசை ஒன்று சொல்கிறது. கம்பெனி தொடங்குவதற்கான 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரர் காமன்வெல்த் நாட்டில் இருந்தால் அங்குள்ள நோட்டரி சான்றே போதும். தென்னாப்பிரிக்கா 1994இல் காமன்வெல்த்தில் மீண்டும் சேர்ந்துவிட்டது. அப்படியானால் அப்போஸ்டில் எதற்கு என்று ஆடிட்டரிடம் கேட்டேன். 'சார், இங்க கம்பெனி ரெஜிஸ்ட்ரார் ஒத்துக்குவார். அடுத்த மாசம் பேங்க் கேட்கும், அப்ப என்ன பண்ணுவீங்க?' என்றார். நியாயமான பதில். டர்பன் நீதிமன்றத்தில் வாங்குவது அப்படியொன்றும் பெரிய செலவோ பாடோ இல்லை, வாங்கிவிட்டோம். 'டர்பன்லதான் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கே, அங்க ஒரு சீல் வாங்கிட்டா முடிஞ்சுது' என்றும் சிலர் யோசனை சொன்னார்கள். அப்போஸ்டில் இருக்கும் இடத்தில் தூதரக முத்திரை தேவையே இல்லை. அந்தத் தேவையை ஒழிக்கத்தான் ஒப்பந்தமே போட்டார்கள்.

தேதி விஷயம்தான் என்னை அதிகம் படுத்தியது. அப்போஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது. ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அது எந்தக் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்தக் காகிதம் பழசாகிவிடும். இந்தியக் கம்பெனிப் பதிவில் இயக்குநரின் முகவரிச் சான்று ரொம்பப் பழசாக இருக்கக் கூடாது. டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியின் தண்ணீர், மின்சார பில்லை எடுத்தால் அது இன்னும் அண்ணனுடைய காலஞ்சென்ற அப்பா பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் பாதி வீடுகளில் இதே நிலைமைதான் என்று நினைக்கிறேன். ஆகவே வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டோம். அதையும் முதலில் எடுக்கவில்லை. பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள் எல்லாம் தயாராகி, வரைவுகள் எல்லாம் சென்னை ஒப்புதலோடு முடிந்து, நோட்டரிக்கு நாள் குறித்த பிறகு அந்த வாரத்து ஸ்டேட்மென்ட். பழசாகக் கூடியதைக் கடைசியில் வைப்பது என்று முடிவு செய்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

துபாய்ப் பக்கம் ஏணி நீளம். நோட்டரி, அதற்கு மேல் உயர் நீதிமன்றம், அதற்கு மேல் பிரிட்டோரியாவில் சவுட்பான்ஸ்பெர்க் சாலையில் இருக்கும் வெளியுறவுத் துறை (டிர்கோ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்), அதற்கு மேல் அதே ஊரில் இருக்கும் அமீரகத் தூதரகம். அதோடும் முடியாது, அங்கே போனபின் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, அங்கே உரிமம் பெற்றவர் செய்த அரபு மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு படியும் முந்தைய படியை மட்டும் பார்க்கும் என்பதால் வரிசை மாறக் கூடாது. இந்த வழிக்குப் போகிற காகிதத்தின் மேல் உயர் நீதிமன்றத்தில் அப்போஸ்டில் வாங்கிவிட வேண்டாம். எந்த நாட்டுக்கு என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேட்பார்கள். அமீரகம் என்று தெளிவாகச் சொன்னால் அதற்கான சாதாரணச் சான்றைத் தருவார்கள். ஒரே செட்டை இரண்டு பக்கமும் அனுப்ப முடியாது என்று மேலே சொன்னது இதனால்தான்.

டிர்கோ இந்த வேலைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. செலவெல்லாம் தூதரகத்திலும் துபாயிலும்தான். அதிலும் கம்பெனிக் காகிதத்துக்குப் பிறப்புச் சான்றிதழைப் போலப் பல மடங்கு வாங்குவார்கள், ஒவ்வொரு காகிதத்துக்கும் தனித்தனியாக. உடனே எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே சான்றாக வாங்கிவிட்டால் மிச்சம்தானே என்று தோன்றும். தோன்றியது. கட்டினால் கட்டியதுதான், துபாயில் உரிமம் தருகிற இடத்துக்கு அமைப்பு விதிகள் வேண்டும், வங்கிக்குத் தீர்மானம் வேண்டும், இரண்டு பேரும் மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளக் கேட்பார்கள். எந்த இடத்துக்கு எது என்று ஏஜென்ட்டிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு, சேர்ந்தே போகிறவற்றை மட்டும் சேர்த்துக் கட்டினோம். எழுதி வாங்குங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். போனில் 'ஒண்ணும் பிரச்சனை இல்ல பிரதர்' என்று சொன்னவர் பிறகு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்.

அப்படி எல்லாப் படியும் ஏறி வந்த ஒரு கட்டைத்தான் துபாயில் ஓர் அலுவலகத்தில் ஸ்கேன் செய்கிறேன் என்று நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். தானியங்கி ஸ்கேனரில் தாள் தாளாகத்தான் போகும், கட்டு போகாது. வேலை முடிந்ததும் அழகாக ஸ்டேப்ளர் அடித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அடுத்த மேசைக்காரர் வில்லை கிழிந்திருப்பதைப் பார்த்ததும் வாங்க மறுத்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. ஒரு பக்கம் மாற்றப்படவில்லை என்பதற்கு இனி என்ன ஆதாரம்? நோட்டரியிலிருந்து தொடங்கி எல்லாம் மறுபடி. அதன் பிறகு ஒவ்வொரு கட்டையும் நாடா கட்டிய நிலையிலேயே, பக்கங்களைப் புரட்டிப் புரட்டி இங்கேயே ஸ்கேன் எடுத்து பி.டி.எஃப். முன்கூட்டியே அனுப்பிவிடுகிறோம். கவரின் மேல் பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும் அரபியிலும் 'நாடாவை அவிழ்க்க வேண்டாம்' என்று ஒட்டுகிறோம். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் பலன் உண்டு.

துபாய் வங்கியில் இன்னொரு கேள்வி வந்தது. எங்கள் கம்பெனி முதலில் குளோஸ் கார்ப்பொரேஷனாக இருந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிறு குடும்ப வியாபாரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பதிவாகின. பிறகு பிரைவேட் கம்பெனியாக மாற்றினோம். பதிவெண்ணும் மாறியது, கடைசியில் இருந்த 23 போய் 07 வந்தது. பழைய காகிதத்தின் தலையில் சிப்ரோ என்று இருக்கும், புதியதில் சி.ஐ.பி.சி. என்று இருக்கும், ஏனென்றால் 2011இல் புதிய கம்பெனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அலுவலகமே மாறியது. இங்கிருப்பவருக்கு இது அன்றாடச் சங்கதி. துபாயில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இரண்டு வேறு கம்பெனிகள், இரண்டு வேறு அலுவலகங்கள். 'இது போலியா?' என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். மாற்றத்துக்கான சான்றிதழையும், வரலாற்றை அரைப் பக்கத்தில் சொல்லி அண்ணன் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிக் கடிதத்தையும் சேர்த்தபின்தான் வழிக்கு வந்தார். பழைய கம்பெனி வைத்திருப்பவர்கள் இந்த அரைப் பக்கத்தை முதல் கட்டிலேயே சேர்த்துவிடலாம்.

சரக்கு போகத் தொடங்கியபின் இன்வாய்ஸ், பிறப்பிடச் சான்று இவற்றுக்கும் அப்போஸ்டில் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். ஹேக் ஒப்பந்தத்தின் முதல் பிரிவே வியாபாரத்தோடும் சுங்கத்தோடும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட அரசாங்கக் காகிதங்களை விலக்கிவைக்கிறது. அவற்றுக்கு வழி வணிகர் சங்கம். டர்பன் சேம்பரில் பிறப்பிடச் சான்று வாங்கி, தூதரகம் கேட்டால் அதன் முத்திரையும் வாங்க வேண்டும்.

ஏஜென்ட் வைப்பதா வேண்டாமா என்று கேட்பார்கள். சென்னை போன்ற அப்போஸ்டில் வேலைக்கு வேண்டாம். நோட்டரி ஆபீஸே நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்பிவிடும். பிரிட்டோரியாவில் இரண்டு வரிசையில் நிற்க வேண்டிய வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், காசு கொடுப்பதில் தப்பில்லை. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். டிர்கோ கட்டணம் என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அந்த ஏஜென்ட்டை உடனே மாற்றுங்கள். வந்து சேர்ந்த அப்போஸ்டிலில் எண்ணும் தேதியும் இருக்கும். கொடுத்த அலுவலகம் அதைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. சந்தேகமாக இருந்தால் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

எந்த நாடு ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதை நண்பர் சொன்னார், பழைய கட்டுரையில் படித்தேன் என்று நம்பக் கூடாது. சவுதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதலும் சீனாவில் 2023 நவம்பர் 7 முதலும் கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதியதெல்லாம் தூதரகத்துக்குப் போ என்றுதான் சொல்லும். இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் ஹேக் மாநாடு என்ற அமைப்பின் இணையதளத்தில் நாடுகளின் பட்டியல் இருக்கிறது, அதில் மறுப்புகளையும் பாருங்கள். இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி மறுப்புத் தெரிவித்தது. இரண்டு நாடுகளும் பட்டியலில் இருந்தாலும் அவற்றுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது போகலாம்.

பவர் பத்திரத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போஸ்டிலோடு அது முடிவதில்லை. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும் என்கிறது 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம், 18ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கணக்கு கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து அல்ல, முதன்முதலில் இந்தியா வந்து சேர்ந்த தேதியிலிருந்து. வந்த தேதிக்கு என்ன ஆதாரம்? கூரியர் கவர்தான். கவரைப் பத்திரப்படுத்தச் சொல்லி நான் எழுதியிருந்தும் ஆடிட்டர் ஆபீசில் யாரோ அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நல்லவேளையாக இங்கே அனுப்பிய ரசீதும், டெலிவரி கொடுத்த தேதி காட்டும் டிராக்கிங் பக்கத்தின் பிரதியும் என்னிடம் இருந்தன. அவற்றை அனுப்பினேன், ஒப்புக்கொண்டார்கள், தீர்வை கட்டியாயிற்று. இப்போது பவர் பத்திரம் போகும்போதெல்லாம், கவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று ஆடிட்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்.